பங்காளி எச்சில்

இனியாவுக்கு இரண்டரை வயது ஆகியும் தலையில் இன்னும் கத்தி படவில்லை. பிறந்த முடி தோளைத் தாண்டி வளர்ந்து, சித்திரை வெயிலில் வேர்த்துச் சிக்குப் பிடித்து, பிள்ளை சொறிந்து சொறிந்து காதோரமெல்லாம் புண்ணாகிவிட்டது. சென்னையிலிருந்து மகனும் மருமகளும் அவளைத் தூக்கிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வரும்போதெல்லாம் கஸ்தூரி எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிடுவாள். பேத்தி போடுகிற கத்தலுக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டுச் சும்மா போகிற தெருவா அது?

“இன்னா கஸ்தூரி, பேத்திக்கு இன்னும் மொட்ட போடலையா?”

“போடணும்.”

“எந்தக் கோயில்ல?”

இந்தக் கேள்விக்குத்தான் அந்த வீட்டில் பதில் கிடையாது. முதல் முடி குலசாமிக்கு. குலசாமி அப்பன் வழி. அப்பன், அவனுக்கு அப்பன், அவனுக்கும் அப்பன் என்று ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஓர் ஏரிக்கரையில், வேப்பமரத்தடியில் சாமி உட்கார்ந்திருக்கும். கஸ்தூரியின் புருசன் ராஜேந்திரன் வழியில் ஏறினால் முதல் படியிலேயே முட்டிக்கொள்ளும். அவனுக்கு அம்மா சந்திரம்மாள் உண்டு. அப்பன் பேர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ‘ச. ராஜேந்திரன்’ என்று எழுதினார்கள். ச என்றால் சந்திரம்மாள்.

சாத்தனூர் அணை கட்டியபோது அங்கே மண் சுமந்தவள் சந்திரம்மாள். வேலை முடிந்து சனம் கலைந்தபோது இடுப்பில் கைக்குழந்தையோடு அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தாள். செங்கல் தூக்கினாள், கலவை சுமந்தாள், அந்தக் காசிலேயே இந்த வீட்டுக்கு இடம் வாங்கினாள், மகனையும் கொத்தனார் ஆக்கினாள். புள்ளைக்கு அப்பன் யார் என்று யார் கேட்டாலும் “எம்புள்ள” என்பாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் பெயராது. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நதிக்கும் ரிஷிக்கும்தான் அந்தச் சலுகை, கொத்தனாருக்குக் கிடையாது. ராஜேந்திரன் ஐம்பது வயதிலும் ஊருக்கு ‘அணைக்கட்டுப் பையன்’தான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா, அதுவே ஒரு அப்பனைத் தேடிக் கொடுத்தது. அணையில் சந்திரம்மாள் வேலை செய்த கும்பலுக்கு மேஸ்திரி கீழ்பென்னாத்தூர் இராமலிங்கம். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவருடைய அண்ணன் மகன் அருணகிரி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் ராஜேந்திரனும் முன்னும் பின்னுமாக நடந்து போனால், இடது தோள் இறங்கிய அந்த நடையைப் பார்த்துச் சனம் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இராமலிங்கத்தின் சொந்த மகன் சுப்பிரமணி, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவன். அவனுக்கு மட்டும் இந்தப் பேச்சைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும்.

சந்திரம்மாள் கண்ணை மூடிய மறுவருடம், மகன் விமல்ராஜுக்கு முதல் மொட்டை போட வேண்டும் என்று ராஜேந்திரன் துணிந்து அந்த வகையறாவின் குலசாமியான கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரை வேடியப்பன் கோயிலுக்கே போனான். கஸ்தூரி வரிசையில் கடைசியாகப் பானை வைத்து, அடுப்பு மூட்டி, அரிசியும் போட்டுவிட்டாள். சுப்பிரமணி வந்து எரிகிற விறகைக் காலால் இழுத்து வெளியே தள்ளினான். “பங்காளிங்க வைக்கிற எடம் இது. உன் அப்பன் பேரச் சொல்லு, அப்புறம் வை” என்றான். ராஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். கஸ்தூரி வேகாத அரிசியைப் பானையோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பிறகு பையனுக்கு, எல்லாருக்கும் பொதுவான சாமி என்று திருப்பதியில் மொட்டை போட்டார்கள். அதைக் கஸ்தூரி மறந்தாலும் ராஜேந்திரன் மறக்கவில்லை.

இந்தப் புண்ணில்தான் இரண்டாயிரத்து ஏழாம் வருடம் விமல்ராஜ் கையை வைத்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கூட வேலை செய்கிறவன் அமெரிக்கா போய் வருகிறவன். அங்கே வீட்டிலேயே கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் பரம்பரையைச் சொல்லிவிடுகிறார்களாம்.

“டிஎன்ஏ டெஸ்டுப்பா” என்றான், களியும் கருவாட்டுக் குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பனிடம். “மூணு தினுசு இருக்குது. எந்தெந்த நாட்டு ரத்தம் எவ்ளோ கலந்துருக்குதுன்னு சொல்றது ஒண்ணு.”

“நாடு எங்களுக்குத் தெரியும். அது வேணாம்” என்றாள் கஸ்தூரி.

“அம்மா வழிய மட்டும் பாக்குறது இன்னொண்ணு. அப்பா வழிய மட்டும் பாக்குறது மூணாவது. அது ஆம்பளைங்ககிட்டதான் எடுக்க முடியும். அப்பன்கிட்டேருந்து மவனுக்கு அப்படியே எறங்கி வர்றது. அந்த வகையறாவுல ஒரு ஆம்பளையோடதும் நம்பளோடதும் ஒத்துப்போச்சுன்னா, ஒரே வம்சம்.”

“அம்மா வழியப் பாரு.”

“அப்பாவோட அம்மாவத்தான் நமக்குத் தெரியுமேம்மா.”

“அதான் கேக்குறேன். செங்கல் தூக்கி வளத்தவளுக்கு ஒரு சோதனையும் இல்ல. வுட்டுட்டுப் போனவன் யாருன்னு பாக்கத்தான் அமெரிக்காவுல மிசின் வச்சிருக்கானா? எனக்கு எங்க மாமியாரத் தெரியும். மாமனார் எவனா இருந்தா எனக்கின்னா?”

ராஜேந்திரன் களியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை. “எனக்குத் தெரியணும் கஸ்தூரி” என்றான். “சாவறதுக்குள்ள ஒரு தடவையாவது நான் இன்னாரு புள்ளைன்னு தெரிஞ்சுக்கணும். அவ்ளோதான்.”

அவன் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதில்லை. “செய்யிங்க போ” என்று குழம்பை ஊற்றினாள்.

சுப்பிரமணியை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் பெரிய மலைப்பாக இருந்தது. அருணகிரியே பேசிப் பார்க்கலாம் என்று மூவரையும் மண்டிக்கு அழைத்துப் போனார். மண்டி வாசலில் பெண்கள் மல்லாட்டையைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். தூசி பறந்தது. சுப்பிரமணி வெற்றிலையை மென்றபடி முழுக் கதையையும் கேட்டான். காறித் துப்புவான் என்று எதிர்பார்த்தால், சிரித்தான்.

“செய்வோம். இந்தப் பேச்சு ஒரேடியா ஒழியணும். ஆடியில சாமிக்குப் பொங்க வைக்கிறன்னிக்குப் பங்காளிங்க அத்தனை பேரு முன்னாடியும் முடிவச் சொல்லணும். இல்லைன்னு வந்தா, அதுக்கப்புறம் இந்த ஆளு எங்க ஏரிக்கரைப் பக்கமே வரக் கூடாது.”

“இல்லைன்னு வந்தா வர மாட்டோம்” என்றாள் கஸ்தூரி. “ஆமான்னு வந்தா?”

“வரட்டும், பாக்கலாம்.”

“யாராவது ஒருத்தர் குடுத்தாப் போதுங்க. அருணகிரி பெரியப்பா குடுக்கறேன்னு சொல்லிட்டாரு” என்றான் விமல்ராஜ்.

சுப்பிரமணிக்குக் கோபம் வந்துவிட்டது. “அதெப்படி? எங்க வகையறாவுல மூத்தவரு வழியும் எளையவரு வழியும் சேந்து வெத்தல எடுத்தாதான் எந்தக் காரியமும் செல்லும். கல்யாணமோ சாவோ, எதுவானாலும் ரெண்டு கை வைக்கணும். அவரு மூத்தவரு வழி, நான் எளையவரு வழி. எச்சின்னாலும் ரெண்டு எச்சிதான்.”

“ஒண்ணே போதும், செலவு ஜாஸ்தி ஆவும்.”

“உனக்குப் போதும்டா. எங்களுக்குப் போதாது. சொந்த ரத்தம் நான் இருக்கும்போது அண்ணன் மட்டும் குடுத்தா, நாளைக்கு நீங்க இன்னா வேணும்னாலும் சொல்லுவீங்க.”

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான். ஆனால் அன்றைக்கு அது ஓணான் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருணகிரி வீட்டில் வைத்து எடுத்தார்கள். ராஜேந்திரன் விடிகாலையிலேயே குளித்து, வேப்பங்குச்சியால் பல் தேய்த்து, பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் வந்திருந்தான். ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று மகன் சொல்லியும் கேட்கவில்லை. குச்சி வாய்க்குள் போனதும் கண்ணை மூடிக்கொண்டான். சுப்பிரமணி வெற்றிலையைத் துப்பிவிட்டு மூன்று சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தும் சிவப்பு போகவில்லை. “என் ரத்தம் அம்புட்டு செவப்புடா” என்று சொல்லிச் சிரித்தான். அருணகிரி பேசாமல் வாயைத் திறந்து காட்டினார். மூன்று குச்சிகளும் தனித்தனிக் குப்பியில் பேர் ஒட்டப்பட்டுச் சென்னைக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் போயின.

அதற்குப் பிறகு ராஜேந்திரன் ஆளே மாறிப்போனான். கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பூச்சு வேலை இவனுடையது. மட்டக் கோலை வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிறான் என்று சித்தாள் பெண்கள் வந்து கஸ்தூரியிடம் சொல்லிச் சிரித்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் பாதையோரம் அடுப்பு வைத்து மல்லாட்டை வேகவைத்து விற்பாள். உப்புப் போட்டு, சாக்கை மூடி, ஆவி அடங்காமல் கூம்புக் காகிதத்தில் அள்ளிக் கொடுக்க வேண்டும். மற்ற பௌர்ணமிகளில் வேலை முடிந்து வந்து படுத்துவிடுகிறவன், வைகாசிப் பௌர்ணமிக்கு அவளோடு உட்கார்ந்து விறகு தள்ளினான். நடந்து போகிற கும்பலைக் காட்டி, “இதுல எத்தினி பேருக்கு அப்பன் யாருன்னு நிச்சயமாத் தெரியும்னு நெனைக்கிற?” என்று கேட்டான். புதுப் பித்தளைப் பானை ஒன்றும் வாங்கி வந்திருந்தான். அது வேண்டாத ஆசை என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் பானையைப் புளி போட்டுத் துலக்கி வைத்தாள்.

ஆடிப் பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் விமல்ராஜ் குடும்பத்தோடு வந்து இறங்கினான். மருமகள் மதிவதனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஆடிக் காற்று மண்ணை வாரி வீட்டுக்குள் இறைத்தது. கதவைச் சாத்திவிட்டு அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான்.

“அப்பா, உன்னோடதும் அருணகிரி பெரியப்பாவோடதும் ஒண்ணு. அப்படியே ஒத்துப்போவுது.”

ராஜேந்திரன் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். “நெசமாவா?” என்றான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். ஐம்பது வருட அழுகை அது. கஸ்தூரி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வயிறு குளிர்ந்துபோனது அவளுக்கும்.

“அப்ப சுப்பிரமணி எனக்குத் தம்பி” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“இல்லப்பா” என்றான் மகன். “அவரோடது உங்க ரெண்டு பேரோடவும் ஒத்து வரல. கிட்டக்கூட வரல.”

“அப்படின்னா?”

“அந்த வம்சத்து ரத்தம் அவருக்கு இல்ல. அவரு இராமலிங்கத்துக்குப் பொறக்கல.”

ராஜேந்திரன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். “அட வேடியப்பா! டேய் சுப்பிரமணி, வெறகத் தள்ளுனியேடா! நாளைக்குப் படி விமலு, சத்தமாப் படி. பங்காளி இல்லாதவன் எவன்னு தெரியட்டும்!”

கஸ்தூரிக்குச் சிரிப்பு வரவில்லை. சுப்பிரமணியின் அம்மா வள்ளியம்மாள் உயிரோடு இருக்கிறாள் என்ற ஒரு நினைப்புத்தான் ஓடியது.

“வாணாம்” என்றாள். “படிக்கக் கூடாது.”

“ஏன்?”

“அந்தக் கெழவிக்கு எழுவத்தஞ்சு வயசு இருக்கும். என்னா பாடோ, எவன் கெடுத்தானோ, இல்ல ஆசப்பட்டுதான் போச்சோ, நமக்குத் தெரியாது. இத்தினி வருசம் பொத்தி வச்சத நாளைக்குச் சனத்து முன்னாடி அவுத்துப் போடப் போறீங்களா?”

“எங்கம்மாவ அவுத்துப் போட்டாங்களே! அப்ப எவன் தடுத்தான்?”

“ஒருத்தனும் தடுக்கல. அதுக்காக அதே கல்ல நீ எடுத்து இன்னொருத்தி மேல அடிப்பியா? சந்திரம்மா வளத்த புள்ளையா நீ?”

“அம்மா, அப்பாவோடத மட்டும் சொல்லலாம்னாலும் வுடமாட்டாங்க” என்றான் விமல்ராஜ். “சுப்பிரமணி, என்னோடது இன்னா ஆச்சுன்னு கேப்பாரு. சொல்லாம வந்துட்டா நமக்கு இல்லைன்னு வந்துடுச்சுன்னு நெனப்பாங்க. வேற வழியில்ல.”

“நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க.”

ராஜேந்திரன் அவளையே பார்த்தான். “உனக்கின்னா கஸ்தூரி. உனக்கு அப்பன் இருந்தான்” என்றான்.

கஸ்தூரி எழுந்தாள். உள்ளே போய் உலை வைத்தாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் ராஜேந்திரன் வெள்ளைச் சட்டை போட்டு, மகனிடமிருந்து தாளை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டான். என்ன செய்யப்போகிறான் என்று சொல்லவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவானா?

கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் பானைகள் வரிசையாகப் பொங்கத் தொடங்கியிருந்தன. காற்று புகையைத் திருப்பித் திருப்பிப் பெண்கள் முகத்திலேயே அடித்தது. பங்காளிகள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வள்ளியம்மாளை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து பாயில் உட்கார வைத்திருந்தான் மகன். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரிசியில் கல்லே இல்லை. ஆனாலும் கிழவியின் விரல்கள் எதையோ தேடிக்கொண்டே இருந்தன.

“இன்னிக்குத்தான் சொல்லப் போறீங்களாம்மா?” என்றாள் வள்ளியம்மாள், நிமிராமல்.

“ஆமாம்மா.”

“எச்சியிலயே எல்லாம் தெரிஞ்சிடுமாமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம குடுத்துட்டு வந்திருக்கான் இவன்.”

கஸ்தூரி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கிழவிக்கு எல்லாம் தெரிகிறது. இந்த மூன்று மாதமும் அவள் சோறு தின்றிருப்பாளா என்று நினைத்தாள். முறத்தில் கிடந்த கிழவியின் கையைத் தன் கையால் மூடினாள். எல்லாம் அந்த மனுசன் சட்டைப்பையில் இருந்தது.

“என்னா ராஜேந்திரா, வந்துடுச்சா?” என்று சுப்பிரமணி குரலை உயர்த்தினான். பேச்சு அடங்கியது.

ராஜேந்திரன் எழுந்து நின்றான். கை பைக்குப் போனது. தாளை எடுத்து விரித்தான். வள்ளியம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். வெயிலுக்கு மூடுகிற மாதிரி இல்லை அது. அவன் அதைப் பார்த்தான். பார்த்தான் என்பது கஸ்தூரிக்கு நன்றாகத் தெரிந்தது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டான்.

“படிய்யா. கண்ணு தெரியலையா?”

ராஜேந்திரன் தாளை நான்காக மடித்தான்.

“எங்கப்பன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றான். “ஆனா உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

“சொல்ல மாட்டியா? இதென்னடா வெளையாட்டு?”

“எங்கம்மாவ இந்த ஊரே சேந்து கேட்டுச்சு. சாவுற வரைக்கும் கேட்டுச்சு. அவங்க சொல்லல. அவங்க சொல்லாதத நான் எதுக்குச் சொல்லணும்? அவங்க மவன் நான்.”

“இல்லைன்னு வந்திருக்கு. அத ஒத்துக்க வெக்கம்!” சுப்பிரமணி எழுந்து நின்று கை கொட்டினான். நாலு பேர் கூடச் சிரித்தார்கள். விமல்ராஜ் கொதித்துப்போய் ஓரடி எடுத்து வைத்தான். ராஜேந்திரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வெக்கமா? எனக்கா?” என்றான். தலை குனியவே இல்லை. “இதே எடத்துல ஒரு நாள் தலையக் குனிஞ்சேன் பாரு, அதுக்குத்தான் வெக்கம். நீ நெனைக்கிறத நெனச்சுக்கோ சுப்பிரமணி. உன் சாமி, உன் எடம், நீயே வச்சுக்கோ. எனக்கு வாணாம்.”

அருணகிரி எழுந்து வந்தார். ராஜேந்திரன் முகத்தையே உற்றுப் பார்த்தார். “பானைய எம்பக்கத்துல வைடா” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

“வாணாம்ணா. நீங்க சொன்னதே போதும்.”

கஸ்தூரி எழுந்தபோது வள்ளியம்மாள் அவள் கையை விடவில்லை. முந்தானைக்குள்ளிருந்து மூச்சு மட்டும் வந்தது. விரல்களை மெல்லப் பிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டியிருந்தது. பித்தளைப் பானையைக் கஸ்தூரியே தலையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் போலத்தான் பஸ் ஏறினார்கள், ஆனால் இந்தத் தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான் ராஜேந்திரன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் கஸ்தூரி மூன்று செங்கல்லைக் கழுவி நட்டு மஞ்சள் பூசினாள். மாமியாருக்கென்று புதுப்புடவை ஒன்றை மடித்து வைத்து, பூ போட்டாள். அந்தப் பக்கத்தில் வாழ்ந்து முடித்த சுமங்கலியைப் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாக்கிப் புடவை படைப்பது வழக்கம். எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்டி கஸ்தூரி, தாலி கட்டாதவள எவளாவது பூவாடையாக் கும்புடுவாளா? வீட்டுக்கு ஆகுமா?”

“இந்த வீட்டக் கட்டுனதே அவங்கதான். அவங்களுக்கு ஆகாம யாருக்கு ஆகும்?” என்று கஸ்தூரி பானையில் அரிசியைப் போட்டாள். “முறை தப்புன்னா எங்க தலையில வுழட்டும். உனக்குப் பொங்கச்சோறு வேணும்னா இரு, இல்லைன்னா கதவச் சாத்திக்கோ.”

அவள் கதவைச் சாத்தவில்லை. வேடிக்கை பார்க்க நின்றாள். தெருவும் நின்றது.

மொட்டை போடுகிறவர் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார். இனியா வீறிட்டாள். முதல் மயிரை எடுக்கும் முன் குலசாமி பேரைச் சொல்லிக் கூப்பிடுவது அவர் வழக்கம். கத்தியை வைத்துவிட்டு ராஜேந்திரனைப் பார்த்தார்.

“எந்தச் சாமி பேருங்க?”

“சந்திரம்மா” என்றான் ராஜேந்திரன். “சத்தமாக் கூப்புடுய்யா, கீழ்பென்னாத்தூருக்குக் கேக்கட்டும்.”